ஸ்விட்சில் காய்ந்த சந்தனம்

1

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நிம்மதியாகப் பொய் சொல்லலாம். இந்தக் கதையில் வரும் லாப்டாப் என்னுடையது. பம்பாய்ச் செம்பூரில் என் மேஜைமேல், இதோ இப்போது தட்டிக்கொண்டிருக்கிறேனே, இதே கிழட்டுக் கறுப்பு லாப்டாப். சரஸ்வதி பூஜையன்று இதை மூடி, புத்தகங்களோடு அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் விஜயதசமி. துடைத்துத் திறந்தால் ப்ளூடூத்தைக் காணோம். கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒன்று தன் உடம்பிலேயே கிடையாது என்று லாப்டாப் சாதித்தது.

இதில் ஓடுவது லினக்ஸ். விண்டோஸின் கனத்தைத் தாங்காத கிழட்டு மெஷின்களுக்குப் போடுவார்கள். ஏதாவது கோளாறென்றால் கடைக்காரன் கையை விரித்துவிடுவான். நாமேதான் கறுப்புத் திரையைத் திறந்து, ஊர்பேர் தெரியாத யாரோ எழுதிவைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினேன். சாப்பாட்டை மறந்து தட்டினேன். கடைசியில் பார்த்தால், லாப்டாப்பின் வலது விலாவில் துவரம்பருப்பு அளவில் ஒரு ஸ்விட்ச். பக்கவாட்டில் நகரும், உள்ளேயிருக்கும் ரேடியோவை அணைப்பதற்காக வைத்தது. துடைக்கும்போது அது நகர்ந்து அணைந்திருக்கிறது. இடுக்கில் வழிந்த சந்தனம் காய்ந்து அதை அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊக்கால் சுரண்டினேன். டிக். ப்ளூடூத் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். என்னை வைத்து எழுதினால் ஒரு பத்தியில் முடிந்துவிடும். நான் அப்படியொன்றும் சுவாரசியமான ஆளில்லை. அதனால் லாப்டாப்பை ரஞ்சனாவிடம் கொடுத்துவிட்டேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. குப்பையில் போட்டதையும் பாருங்கள்.

[அக்டோபர் வெயிலில் திலக் நகர் மொத்தமும் வறுத்த அப்பளம் போல—]

வேண்டாம். பசிதான் வருகிறது.

[ரஞ்சனா தன் இரண்டு காதுகளையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.]

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாயமந்திரக் கதை என்று நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அவள் கழற்றியது காதுக்கருவிகளை.

[கண்ணா போனபிறகு அந்த வீட்டில்—]

ஐயையோ! போனபிறகு என்றால் செத்துப்போனபிறகு என்று படித்துவிடுவீர்கள். அவன் சான்பாடாவுக்குத்தான் போயிருக்கிறான். ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால், ஜன்னலோரம் கிடைத்து ஒரு குட்டித்தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும்.

சரி, அலங்காரமெல்லாம் வேண்டாம். ரஞ்சனாவுக்கு வயது முப்பத்தொன்பது. பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில், கல்யாணத்துக்குப் பிறகு திலக் நகர், மூன்றாவது மாடி. நாலைந்து வருஷங்களாகக் காது மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது. வேலையோ காதை நம்பிய வேலை: டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அவள் கழுத்தில் ஒரு வளையம் மாட்டிக்கொள்வாள். லாப்டாப்பிலிருந்து ப்ளூடூத்தில் கிளம்பும் குரல் அந்த வளையத்துக்கு வந்து, அங்கிருந்து நேரே காதுக்கருவிக்குள் இறங்கும். நல்ல காதுள்ளவர்கள் தவறவிடும் மருந்துப் பெயரைக்கூட அவள் பிடித்துவிடுவாள்.

(ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிற வாசகருக்கு: காதுக்கருவிமேல் ஹெட்போனை வைத்தால் குக்கர் மாதிரி விசில் அடிக்கும். ஃபோனில் கேட்கலாமே என்பவருக்கு: கம்பெனியின் ஆடியோ லாப்டாப்பைத் தாண்டி வெளியே வராது, நோயாளிகள் விஷயம், பூட்டிவைத்திருக்கிறார்கள். வெளியே செருகுகிற ப்ளூடூத் கடையில் கிடைக்குமே என்பவருக்கு: செருக இடமில்லை. ஒரு துவாரத்தில் வைஃபை குச்சி, இன்னொன்றில் ஆடியோவை நிறுத்தி ஓட்டுகிற கால் பெடல். இன்னும் ஏதாவது கேட்டீர்களானால் கதையை நிறுத்திவிடுவேன்.)

ஆகவே, உள்ளேயே இருக்கிற ப்ளூடூத் வந்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை புதிய வேலை வருகிறது. போன மாதமே காய்ச்சலில் ஒரு தடவை தவணை தவறிவிட்டது. இன்னொரு தரம் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

கண்ணா அவள் புருஷன். (பெயர் அப்படி, அவள் கோபத்தில் கூப்பிட்டாலும் கொஞ்சுகிற மாதிரியே கேட்கும். அதிலேயே அவளுக்குக் கோபம் இன்னும் கூடும்.) கம்ப்யூட்டர்க்காரன், லாப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன். மழைக்காலத்தில் கிளம்பிப் போனான். அடிதடி இல்லை, இன்னொருத்தி இல்லை, எழுத்தாளனுக்கு உபயோகமாக எதுவுமே இல்லை. நடந்தது இதுதான்: அவன் ஏதாவது சொல்வான். அவள் "என்ன?" என்பாள். திருப்பிச் சொல்வான். மறுபடி "என்ன?" என்பாள். அவன், "ஒண்ணுமில்ல, ஜானே தே," என்பான்.

அவ்வளவுதான். போகட்டும் விடு என்று பம்பாயில் நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. ஆனால் காது மங்கியவளிடம் அதைச் சொல்லும்போது, உனக்காக இன்னொரு தடவை வாயைத் திறக்க எனக்கு இஷ்டமில்லை என்றுதான் போய்ச் சேரும். அவன் முதலில் பெரிய விஷயங்களுக்கு மூன்று முறை சொன்னான். பிறகு சின்ன விஷயங்களைச் சொல்வதை விட்டான். பிறகு பெரிய விஷயங்களையும். ஒருநாள் அவள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தரம் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்னா, இந்த ஆத்துல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அவன் சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், "ஒண்ணுமில்ல விடு," என்றான்.

சான்பாடா.

3

சனிக்கிழமை காலை அவள் அனுப்பிய செய்தி: ப்ளூடூத் போச்சு. திங்கக்கிழமை வேலை.

அதற்கு முன் மாதக்கணக்கில் கரன்ட் பில்லைத் தவிர இருவருக்கும் நடுவே ஒரு செய்தியும் போகவில்லை. அவன் உடனே ஃபோன் செய்தான். கழுத்து வளையம் ஃபோனோடு ஒட்டிக்கொண்டது. அதை அவள் வாங்கியது அவன் போனபிறகு. பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது கேட்காத குரல், கடல்கழிக்கு அந்தப் பக்கம் போனபிறகு காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

"ரஞ்சு, கேக்கறதோ?"

"கேக்கறது. கத்தாதே."

"கத்தலையே. சரி, கறுப்பு விண்டோவைத் திற. நான் சொல்றதை அப்படியே அடி."

அடித்தாள். கட்டளை போயிற்று. பதில் வந்தது.

"கன்ட்ரோலரே கிடையாதுன்னு சொல்றது, கண்ணா."

"அப்டின்னா, ஆபீஸ் தெறந்திருக்கு, மேனேஜரைக் காணும்னு அர்த்தம்."

"எங்க போயிட்டாராம் மேனேஜர்?"

"சான்பாடால ரூம் எடுத்திருப்பார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் சிரிக்கக்கூடாது என்று ஞாபகம் வந்தது. அதற்குள் அந்தச் சிரிப்பு ஃபோன் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

(இந்தக் கட்டளைகளின் பெயர்கள் தேடு, ஜோடி சேர், நம்பு, இணை என்றெல்லாம் இருக்கும். இதை வைத்துத் தாம்பத்தியத்துக்கு உவமை சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறீர்கள். மாட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது.)

ப்ளூடூத் சேவையை நிறுத்தி மறுபடி கிளப்பினார்கள். ஒன்றுமில்லை. பிறகு, என்னென்ன ரேடியோ எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று காட்டும் கட்டளையைச் சொன்னான். அவள் திரையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, வாயாலும் படித்தாள்: "சாஃப்ட் பிளாக்டு, நோ. ஹார்ட் பிளாக்டு, எஸ்."

கண்ணா பேசவில்லை.

"கண்ணா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்." ஒரு இருமல். "அது இருக்கட்டும். ஃபர்ம்வேரைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். டவுன்லோட் ஆக நேரமாகும். ஆகட்டும், நான் இருக்கேன்."

ஃபர்ம்வேர் என்பது ப்ளூடூத் சில்லுக்குள் இறக்கும் சின்ன நிரல். இறங்கியது. பலனில்லை. அடுத்து லாப்டாப்பை அடியோடு அணைத்து, பேட்டரியைக் கழற்றிவைக்கச் சொன்னான்.

"எவ்ளோ நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"அதுவரைக்கும் ஃபோனை வெச்சுடவா?"

"வேண்டாம். லைன்லயே இரு."

இருந்தாள். சான்பாடா அறையின் ஃபேன் அவள் காதுக்குள் சுற்றியது. அவன் டம்ளரை வைக்கும் சத்தம். ஜன்னலில் ஒரு புறா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இருக்கும் அறையை இவ்வளவு துல்லியமாக அவள் கேட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் தரையில் கட்டமாக விழுந்திருந்தது, அது பாதத்துக்கு நகரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சமையல்?" என்றான் கடைசியில்.

"மொளகூட்டல்."

"ம்." பிறகு, "பேட்டரியைப் போட்டுப் பாரு."

போட்டாள். வரவில்லை.

"நேர்ல பார்த்தாத்தான் தெரியும் போலிருக்கு," என்றான். "நாளைக்குச் சாயங்காலம் வரட்டுமா?"

"வேலை திங்கக்கிழமை. வராம என்ன பண்றது?" என்றாள். எதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை.

4

இந்த இடத்தில் நான் தூங்கிவிட்டேன். உத்தியெல்லாம் இல்லை, நிஜமாகவே, மத்தியானச் சாப்பாட்டுக்குமேல் கீபோர்டுமேல் தலை சாய்ந்துவிட்டது. கனவில் ரஞ்சனா தன் ஃபோனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹார்பர் லைனில் போகிறாள். பட்டியலில் சுவர்களைத் துளைத்துக்கொண்டு பெயர்கள் மிதந்துவருகின்றன. கீழ்வீட்டுச் சஃப்ரீனின் இயர்பட்ஸ். எதிர்வீட்டுப் பஞ்சு மாமாவின் டிவி. 'கை வைக்காதே' என்று பெயர் வைத்த யாருடைய ஸ்பீக்கரோ. செம்பூரில் ஒரு கூட்டம் ஏறுகிறது, கோவண்டியில் ஒரு கூட்டம் மறைகிறது. மான்குர்து தாண்டி வண்டி கடல்கழிப் பாலத்தில் ஏறியதும் பட்டியல் காலி. ஒரே ஒரு பெயர்கூட இல்லை. கீழே தண்ணீர் வெள்ளித்தட்டாக அசையாமல் கிடக்கிறது. அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, பயமும் இல்லை. பாலம் முடியட்டும், வாஷி வந்ததும் பெயர்கள் வரும் என்று பொறுமையாக உட்கார்ந்திருக்கிறாள்.

(விழித்தபிறகு தோன்றியது: வண்டிக்குள்ளேயே நூறு பேர் நூறு இயர்பட்ஸோடு இருப்பார்கள், பட்டியல் எப்படிக் காலியாகும்? கனவுதானே, இருக்கட்டும்.)

[அப்போது பட்டியலில் கண்ணாவின் பழைய ஸ்பீக்கரின் பெயர் பளிச்சென்று—]

ஆசைதான். ஆனால் அந்த ஸ்பீக்கர் சார்ஜ் இல்லாமல் பரணில் கிடக்கிறது. அடித்துவிட்டேன்.

5

ஒரு பெரிய சங்கடம் ஆகிவிட்டது. உங்களிடம் மறைக்க முடியாது.

மூன்றாம் பகுதியைத் திருப்பிப் படித்தேன். 'ஹார்ட் பிளாக்டு, எஸ்.' என் லாப்டாப்பில் வந்ததை அப்படியே இறக்கிவைத்திருந்தேன். சாஃப்ட் என்றால் ஏதோ நிரல் அடைத்திருக்கிறது, கட்டளையால் திறக்கலாம். ஹார்ட் என்றால் லாப்டாப்பின் உடம்பில் இருக்கும் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, விரலால்தான் நகர்த்த வேண்டும், உலகத்தில் எந்தக் கட்டளையாலும் முடியாது. எனக்கு இது தெரியாமல்தான் அவ்வளவு அவதிப்பட்டேன். ஆனால் கண்ணாவுக்கு? லினக்ஸிலேயே புழங்குகிறவன். அந்த லாப்டாப்பை வாங்கிக் கொடுத்தவன். அந்த ஒரு வரியைப் பார்த்த மாத்திரத்தில், 'ரஞ்சு, வலதுபக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும் பாரு,' என்று சொல்லியிருக்க வேண்டியவன்.

சொல்லவில்லையே!

'கண்ணா பேசவில்லை' என்று எழுதினேன். உரையாடலுக்கு நடுவே ஒரு மூச்சு விட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் எழுதினேன், சத்தியமாக. அந்த மூச்சுக்குள் அந்தப் பயல் முடிவெடுத்துவிட்டான். அந்த ஃபர்ம்வேர், பேட்டரி, லைன்லயே இரு, எல்லாம் நாடகம். என் கதையில், என் கண்ணெதிரே, எனக்குத் தெரியாமல். கோபமாகத்தான் வந்தது. அப்புறம் கோபம் போய் ஒரு மாதிரி சந்தோஷம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவள் வேலை? ஸ்விட்ச்தான் காரணம் என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருத்தியின் பிழைப்போடு விளையாடலாமா? ஞாயிறு மாலை வந்து சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பான். ஹார்பர் லைனில் தண்டவாள வேலைக்கென்று ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டால்? இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

6

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

(அ) அவன் வந்து, பார்த்து, நகர்த்தி, அவள் கண்ணீர் மல்க—

தூ.

(ஆ) மெகா பிளாக். அவன் வரவில்லை. வேலை போகிறது. இதை எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். ரஞ்சனா என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

(இ) என்பதை நான் யோசிக்கவில்லை, அவள் யோசித்தாள்.

ஞாயிறு மத்தியானம். அவன் வரப்போகிறானே என்று மேஜையைத் துடைத்தாள். அவனுக்காக இல்லை, தூசிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஈரத்துணியை லாப்டாப்பின் விலாவில் ஓட்டும்போது துணியில் மஞ்சளாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். சந்தனம். சரஸ்வதி பூஜையன்று, வாசல் நிலைக்கு வைப்பது போல நாலு பக்கமும் பொட்டு வைத்தவள் அவளேதான். நகத்தால் தடவினாள். அடியில் ஸ்விட்ச். பக்கத்தில் எறும்பு அளவுக்கு ரேடியோ அலை படம்.

வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். டிக்.

திரையில் ப்ளூடூத் குறி முளைத்தது. கழுத்து வளையம் ஒட்டிக்கொண்டது. ஒரு டாக்டரின் பழைய குரல் காதில் கணீரென்று இறங்கியது. வேலை பிழைத்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்தவள் நிமிர்ந்தாள். நேற்று அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தாள். ஹார்ட் பிளாக்டு, எஸ். லினக்ஸ் அவளுக்குத் தெரியாது, ஆனால் கண்ணாவின் மௌனங்கள் ரகம் ரகமாகத் தெரியும். நேற்று கேட்டது சலிப்பில் வருகிற மௌனம் இல்லை. பொய்க்கு முன்னால் வருவது.

"திருட்டுப் பயல்," என்றாள் வாய்விட்டு. முகமெல்லாம் சூடாகிவிட்டது. கோபம் இருந்தது, அதைவிட அதிகமாக, வெட்கமே இல்லாமல், சந்தோஷம் இருந்தது. நாலு வார்த்தையைத் திருப்பிச் சொல்லச் சலித்துக்கொண்டவன், நாள் முழுக்க ஒன்றுக்கும் ஆகாத கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறானே!

பிறகு அவள் செய்ததைப் பாருங்கள். விரலை வைத்து அந்த ஸ்விட்சை மறுபடி அணைத்தாள். டிக். குறி மறைந்தது.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்போது ஃபோன் அடித்தது, கழுத்து வளையம் அதனோடு ஒட்டிக்கொண்டது.

"ரஞ்சு, வந்துண்டிருக்கேன்." பின்னால் வண்டி இரைச்சல், காற்று. பாலத்தின்மேல் இருக்கிறான். "தயிர் இருக்கோ? வாங்கிண்டு வரட்டுமா?"

"என்ன?"

"தயிர்!"

"கேக்கலை."

எனக்கு அடுத்த வரி தெரியும். அவன் கிளம்பிப் போகும்வரை திரும்பத் திரும்பக் கேட்ட வரி. என் விரல்களே பழக்கத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டன: [ஒண்ணுமில்ல, ஜா—] நிறுத்தினேன். நான் நிறுத்தவில்லை, அவன்தான். கதவோரத்திலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான், "பாயி, ஸரா ஜகா தோ," என்று யாரிடமோ கொஞ்சம் இடம் கேட்டுக் கெஞ்சுகிறான், ஃபோனைக் கையால் பொத்திக்கொள்கிறான்.

"தயிர், ரஞ்சு. வாங்கிண்டு வரட்டுமான்னு கேட்டேன்."

"இன்னும் கேக்கலை, கண்ணா."

"த, யி, ர்," என்றான், ஒவ்வொன்றாக, பொறுமையாக, முழு கம்பார்ட்மென்டும் திரும்பிப் பார்க்க. "தயிர். மொளகூட்டலோட நான் சாப்பிடுவேனே, அந்தத் தயிர். கேக்கலைன்னா மறுபடி சொல்றேன். திலக் நகர் வர வரைக்கும் சொல்றேன்."

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அவளுக்கு இரண்டாம் தடவையே கேட்டுவிட்டது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. வண்டி மான்குர்தை விட்டுக் கிளம்பிவிட்டது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, அவள் விரல் இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது. அவன் வந்து மணியடிக்கும்போது அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும், யார் யாரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அல்லது இருவரும் தெரியாத மாதிரியே கறுப்புத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு ராச்சாப்பாடு வரை உட்கார வேண்டுமா என்பதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தாருங்கள், ஊக்கைப் பிடியுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவள் "சரி, வாங்கிண்டு வா," என்றுதான் சொன்னாள். வீட்டில் தயிர் இருக்கிறது, காலையில்தான் தோய்ந்தது, ஒரு பாத்திரம் நிறைய. அதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.